தகட்டில் எழும் சித்திரம்: ஓய்வு நேரத்துக்கு ஒரு கைத்தொழில்

(சிலிம் ரிவர் வட்டாரத் தோட்ட மண்டபம் ஒன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

விடியுமுன் எழுந்து, பிரட்டுக்கு நின்று, நிரையை முடித்து, பாலை எடை போட்டுவிட்டு வந்து, இந்தப் பிற்பகல் வேளையில் இம்மண்டபத்தில் கூடியிருக்கிறீர்கள். களைப்பைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் உங்களிடம் வெறும் வாழ்த்துரை கூறிச் செல்ல நாம் விரும்பவில்லை. வீட்டுக்குக் கொண்டு செல்லத்தக்க ஒரு பயனுள்ள செய்தியைச் சொல்லவே வந்துள்ளோம். மெல்லிய உலோகத் தகட்டில் சித்திரங்களைப் புடைத்தெழச் செய்து, அவற்றுக்கு வண்ணமூட்டும் கைத்தொழிலே இன்றைய பொருளாகும்.

இரப்பர் மரத்தை நம்பி வாழ்வோருக்கு ஆண்டு முழுவதும் ஒரே சீரான வருவாய் கிடைப்பதில்லை. மழை பெய்தால் மரம் வெட்ட இயலாது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான இலையுதிர் காலத்தில் பால் குறைந்துவிடும். அக்காலங்களில் கை சும்மா இருக்கும். ஆனால் கடைக் கணக்கும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் சும்மா இருப்பதில்லை. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைத் தோட்டங்களாக மாறியும் விட்ட இந்நாளில், குடும்பத்தில் ஒருவருக்கேனும் வேறொரு தொழில் கைவசம் இருப்பது நலம் என்பதை உங்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

நமக்குப் புதிய கலையன்று

தகட்டு வேலை என்றதும், இது எங்கோ வெளிநாட்டிலிருந்து வந்த பொழுதுபோக்கு என்று எண்ணிவிட வேண்டாம். கோயில் மூலவருக்குச் சாத்தப்பெறும் வெள்ளிக் கவசத்தைக் கண்டிருக்கிறீர்கள். உற்சவ மூர்த்திக்குப் பின்னால் நிற்கும் திருவாசியையும், தைப்பூசத்தையொட்டிக் கோலாலம்பூரிலிருந்து பத்துமலைக்குச் செல்லும் வெள்ளி இரதத்தையும் கண்டிருக்கிறீர்கள். இவற்றிலுள்ள மயிலும் யாளியும் கொடியும் பூவும் தகட்டைத் தட்டி எழுப்பியவையே. இதற்குத் தமிழில் ‘நகாசு வேலை’ என்று பெயர். அச்சொல் அரபு மொழியிலிருந்து வந்தது. ஆயினும் அந்த வேலை நம் ஆசாரிமார்களின் கைகளில் தலைமுறை தலைமுறையாக ஊறிப் போனதாகும்.

தமிழ்நாட்டில் தஞ்சாவூர்த் தட்டு என்னும் கலைப்பொருள் புகழ்பெற்றது. 1798 முதல் 1832 வரை அரசாண்ட இரண்டாம் சரபோஜி மன்னரின் காலத்தோடு அதன் தோற்றத்தை இணைத்துக் கூறுவது மரபு. பித்தளையில் வட்டமான அடித்தட்டு ஒன்றைச் செய்து கொள்வர். மெல்லிய வெள்ளித் தகட்டையோ செப்புத் தகட்டையோ அச்சின்மேல் வைத்துத் தட்டித் தெய்வ உருவங்களையும் பூ வேலைகளையும் எழுப்புவர். எழுந்த உருவத்தின் பின்புறக் குழியில் அரக்குக் கலவையை நிரப்பி, அதை அடித்தட்டின்மேல் பொருத்துவர். செம்பின் சிவப்பும் வெள்ளியின் வெண்மையும் பித்தளையின் மஞ்சளும் ஒரே தட்டில் இணைந்து நிற்கும்போது, வண்ணம் பூசாமலேயே மூன்று வண்ணம் தோன்றிவிடுகிறது. இக்கலைக்கு இந்தியாவில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டுள்ளது. 1973இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம், ‘பூம்புகார்’ என்னும் பெயருடைய தன் விற்பனை நிலையங்களில் இத்தட்டுகளை விற்று வருகிறது.

பெரிய கலைஞர்களை விட்டுவிட்டு எளியோரைப் பார்ப்போம். தமிழ்நாட்டு அம்மன் கோயில்களின் வாயிலில் கண், கை, கால், குழந்தை முதலிய உருவங்கள் பொறித்த சின்னஞ்சிறு வெள்ளித் தகடுகள் விற்கப்படுகின்றன. கண்நோய் தீர்ந்தால் கண்மலர் சாத்துவதாகவும், கால்வலி நீங்கினால் கால் உருவம் செலுத்துவதாகவும் மக்கள் நேர்ந்து கொள்கின்றனர். இதில் வியப்பென்னவெனில், கடல் கடந்த மெக்சிகோ நாட்டிலும் கிரேக்க நாட்டிலும் மக்கள் இதே போன்ற கண், கை, கால் தகடுகளைத் தங்கள் தேவாலயங்களில் காணிக்கையாகச் செலுத்துகின்றனர். நோயும் வேண்டுதலும் எங்கும் ஒன்றுதான். அவற்றைத் தகட்டில் எழுப்பிக் காட்டும் கையும் எங்கும் இருக்கிறது.

நம் நாட்டிலும் இவ்வகை வேலைக்குக் குறைவில்லை. கிளந்தானில் வெள்ளித் தகட்டைத் தட்டிப் புடைக்கும் வேலையும், வெள்ளிக் கம்பியைப் பின்னும் வேலையும் மலாய்க் கைவினைஞர்களால் வளர்க்கப்பட்டவை. நாம் வாழும் பேராக் மாநிலத்தின் பெயரே மலாய் மொழியில் வெள்ளி எனப் பொருள்படும். இங்கு மண்ணிலிருந்து எடுக்கப்பட்ட ஈயத்தின் வெண்ணிற ஒளியே அப்பெயருக்குக் காரணம் என்று கூறுவாரும் உளர். கிந்தா பள்ளத்தாக்கின் ஈயம் உலகெங்கும் சென்றது. 1885இல் கோலாலம்பூரில் யோங் கூன் என்னும் சீனக் கைவினைஞர் தொடங்கிய சிறு பட்டறையே, இன்று ராயல் சிலாங்கூர் என்னும் பெயரில் ஈயக் கலப்பு உலோகப் பொருள்களுக்குப் பேர்பெற்று விளங்குகிறது.

நம் வீட்டுச் சமையலறையிலும் அந்த ஈயம் இருந்தது. இரசம் வைக்கும் ஈயச் சொம்பைத் தாய்மார்கள் அறிவீர்கள். அது நச்சுத் தன்மையுள்ள காரீயத்தால் ஆனதன்று, வெள்ளீயத்தால் ஆனது. வெள்ளீயம் 232 பாகை வெப்பத்திலேயே உருகிவிடும். வெறும் சொம்பை அடுப்பில் வைக்காதே என்று பாட்டிமார் எச்சரித்ததன் காரணம் அதுவே. உலோகத்தின் இயல்பை அறிந்து அதைக் கையாளும் அறிவு நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது என்பதற்காகவே இதனைக் குறிப்பிடுகிறோம்.

பால்வெட்டும் கையே பழகிய கை

எமது சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். ஆசிரியர் பயிற்சியின்போது கைவேலை வகுப்பில் எமக்கு ஒரு செப்புத் தகடு கொடுத்தார்கள். மயில் ஒன்றை எழுப்ப வேண்டும். நாம் அவசரப்பட்டு, ஒரே அழுத்தில் உருவத்தை முழு உயரத்துக்கும் கொண்டுவர முயன்றோம். மயிலின் கழுத்தருகே தகடு கிழிந்து போயிற்று. எம் அருகில் அமர்ந்திருந்த பயிற்சி மாணவியின் தகடோ ஒரு கீறலுமின்றி எழுந்து நின்றது. பள்ளி விடுமுறை நாள்களில் தாய்க்குத் துணையாகப் பால் வெட்டப் போனவர் அவர். எப்படி இவ்வளவு நிதானம் வந்தது என்று கேட்டோம். “பட்டையைத்தான் வெட்ட வேண்டும், மரத்தைக் காயப்படுத்தக் கூடாது என்று அம்மா சொல்லிக் கொடுத்தார்கள்” என்றார் அவர்.

அந்த விடையில் இத்தொழிலின் முழு நுட்பமும் அடங்கியிருக்கிறது. நல்ல பால்வெட்டாளர் பட்டையை ஆழமாக வெட்டுவார். ஆயினும் மரத்தின் வளர்படலத்தைத் தொடாமல், ஒரு மில்லிமீட்டர் அளவு பட்டையை விட்டுவைப்பார். ஆழம் குறைந்தால் பால் இல்லை. மிகுந்தால் மரம் புண்ணாகும். தகட்டு வேலையும் அவ்வாறே. அழுத்தம் குறைந்தால் உருவம் எழாது. மிகுந்தால் தகடு கிழியும். இந்த அளவை நகரத்துப் பிள்ளைகள் முதலிலிருந்து கற்க வேண்டும். உங்கள் கைகள் அதை முன்பே கற்று முடித்துவிட்டன.

ஆப்பிரிக்காவில் நைஜீரியா நாட்டின் ஓஷோக்போ நகரில் அசிரு ஒலாதுண்டே என்றொருவர் இருந்தார். 1918இல் பிறந்து 1993இல் மறைந்த அவர் தொடக்கத்தில் ஒரு கொல்லர். உடல்நலக் குறைவால் பட்டறையின் கடும் வேலையை விட நேர்ந்தது. பின்னர் செம்பிலும் அலுமினியத்திலும் தம் ஊர்க் கதைகளையும் மரங்களையும் விலங்குகளையும் தட்டி எழுப்பலானார். அத்தகடுகள் உலகறிந்த கலைப்படைப்புகளாயின. உழைத்துப் பழகிய கை கலைக்குத் தூரமானதன்று என்பதற்கு அவர் சான்றாவார்.

தேவையான பொருள்கள்

தொடங்குவதற்கு வேண்டியவை மிகச் சிலவே. தகடு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் கனமுடையதாக இருத்தல் வேண்டும். செம்பு மிகவும் ஏற்றது. பித்தளை சற்றுக் கடினமானது. அலுமினியம் மலிவானது, மிருதுவானது. கைப்பழக்கத்துக்குக் காசு கொடுத்துத் தகடு வாங்க வேண்டியதில்லை. குளிர்பான அலுமினியக் குவளையின் பக்கச் சுவர் ஏறத்தாழ அதே கனமுடையதுதான். அடியையும் மேல்மூடியையும் நீக்கி, நடுப்பகுதியை வெட்டி விரித்தால் ஒரு பயிற்சித் தகடு கிடைத்துவிடும். பால் டின், பிஸ்கட் டின் ஆகியவை இதற்கு ஆகா. அவை வெள்ளீயம் பூசிய இரும்புத் தகடுகள், கைக்கு வளையா.

கருவிகளாக, மை தீர்ந்த பந்துமுனைப் பேனா ஒன்று, முனை மழுக்கிய மூங்கில் குச்சிகள் இரண்டு மூன்று, பழைய தேக்கரண்டி ஒன்று ஆகியவை போதும். இவற்றோடு கத்தரிக்கோல், ஒரு மென்மையான தளம், ஒரு கடினமான தளம் ஆகியவை வேண்டும். மென்மையான தளத்துக்கு மடித்த நாளிதழ்க் கட்டோ, வெட்டி விரித்த பழைய சைக்கிள் டியூபோ பயன்படும். கடினத் தளத்துக்கு வழவழப்பான பலகை போதும்.

இங்கே இரப்பரைப் பற்றி ஒரு சொல். கடையில் விற்கும் இரப்பர்ப் பொருள்களில் கந்தகம் கலந்திருக்கிறது. 1839இல் சார்ல்ஸ் குட்இயர் கண்டறிந்த அம்முறையே, வெயிலில் இளகிக் குளிரில் விறைத்துப் போகும் இரப்பரை உறுதியாக்கி உலகுக்குப் பயன்படச் செய்தது. ஆனால் கந்தகம் செம்பையும் வெள்ளியையும் கறுக்கச் செய்யும். வெள்ளிக் கொலுசை இரப்பர் வளையம் இட்டுக் கட்டி வைத்தால் கறுத்துப் போவது இதனால்தான். ஆகவே வேலை முடிந்ததும் தகட்டை டியூபின் மேலேயே விட்டுவிடாமல் காகிதத்தில் சுற்றி வையுங்கள்.

செய்யும் முறை

முதலில், தகட்டை வேண்டிய அளவினும் ஒவ்வொரு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டுங்கள். விளிம்பைக் கால் அங்குலம் மடித்து அழுத்திவிடுங்கள். வெட்டிய விளிம்பு சவர அலகு போன்றது. விரலைக் காக்க இதுவே முதற் பாதுகாப்பு.

இரண்டாவதாக, படத்தைக் காகிதத்தில் வரைந்து, தகட்டின் முகப்பில் ஒட்டி, மை தீர்ந்த பேனாவால் கோடுகளின் மேல் ஒருமுறை வரையுங்கள். அடியில் நாளிதழ் நான்கைந்து மடிப்பு இருக்கட்டும். மாங்காய் வடிவம், கோலம், பூச்சரம், குத்துவிளக்கு ஆகியவை தொடக்கத்துக்கு ஏற்றவை. மனித முகத்தைப் பின்னர் பார்த்துக் கொள்ளலாம். எழுத்துகளைப் பின்புறத்திலிருந்து எழுதுவதானால் கண்ணாடியில் தெரிவது போல் இடம் வலமாக மாற்றி எழுத வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

மூன்றாவதாக, தகட்டைத் திருப்பி மென்மையான தளத்தில் வைத்து, உயர வேண்டிய பகுதியைக் கரண்டியின் முதுகாலோ மழுங்கிய குச்சியாலோ மெல்லத் தேயுங்கள். சொட்டு எண்ணெய் தடவினால் கருவி வழுக்கிச் செல்லும். நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் தேய்ப்பது நன்று. சற்று எழுந்ததும் மீண்டும் முகப்புப் பக்கம் திருப்பி, பலகைமீது வைத்து, உருவத்தைச் சுற்றியுள்ள பகுதியைத் தட்டையாக்கி, கோட்டைக் கூர்மையாக்குங்கள். பின் மறுபடியும் திருப்புங்கள். இவ்வாறு நான்கைந்து முறை திருப்பித் திருப்பிச் சிறிது சிறிதாக எழுப்புவதே முறையாகும். எம் மயிலின் கழுத்தை முறித்தது இந்தப் பொறுமை இல்லாமையே.

செம்பு தட்டத் தட்ட இறுகும் இயல்புடையது. சற்றுக் கனத்த தகடு இறுகிவிட்டால், மங்கிய செந்நிறம் தோன்றும்வரை சூடேற்றித் தண்ணீரில் தோய்த்தால் மீண்டும் இளகும். அலுமினியத்தை அவ்வாறு செய்யக் கூடாது. அது 660 பாகையில் உருகுவது. சிவக்காமலே திடீரென்று உருகிவிடும்.

நான்காவதாக, தகட்டைத் தூய்மை செய்ய வேண்டும். செம்புக்கும் பித்தளைக்கும் புளியும் உப்புமே போதும். புளியிலுள்ள அமிலம் களிம்பைக் கரைத்துவிடும். பின்னர் நன்கு கழுவித் துணியால் ஒற்றி எடுங்கள். அதன்பின் முகப்பை விரலால் தொடாதீர்கள். வியர்வைத் தடம் கறையாக நிற்கும்.

வண்ணமூட்டும் வழிகள்

வண்ணமூட்டலில் மூன்று எளிய வழிகள் உள்ளன.

முதல் வழி கறுப்பேற்றிப் பளபளப்பாக்குவது. இறுக மூடத்தக்க நெகிழிப் பெட்டி ஒன்றில் செப்புத் தகட்டை வைத்து, அதனருகே நன்கு வேகவைத்த முட்டைகள் இரண்டைச் சூடு ஆறுமுன் வெட்டி வைத்து மூடிவிடுங்கள். முட்டை தகட்டில் படலாகாது. முட்டையிலிருந்து எழும் கந்தக ஆவி செம்போடு சேர்ந்து, சில மணி நேரத்தில் பழுப்பும் கறுப்புமான படலத்தை உண்டாக்கும். பிறகு உயர்ந்த பகுதிகளை மட்டும் மெல்லிய இரும்புப் பஞ்சால் தேய்த்தால், பள்ளங்கள் கறுத்தும் மேடுகள் ஒளிர்ந்தும் பழங்காலப் பொருள்போல் தோன்றும். அந்த முட்டைகளை உண்ணாமல் எறிந்துவிடுங்கள். அலுமினியத்துக்கு இம்முறை பலிக்காது. கறுப்பு வண்ணத்தைப் பூசி, அரைகுறையாக உலர்ந்ததும் மேடுகளைத் துணியால் துடைத்தெடுப்பதே வழி.

இரண்டாவது வழி சூட்டினால் நிறமேற்றுவது. இது செம்புக்கே உரியது. தகட்டை இடுக்கியால் பிடித்து அடுப்புச் சுவாலைக்கு மேலே மெல்ல அசைத்துக் கொண்டிருந்தால், ஆரஞ்சும் சிவப்பும் ஊதாவும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும். தகட்டின்மேல் படியும் மிக மெல்லிய களிம்புப் படலம் ஒளியைப் பிரித்துக் காட்டுவதால் விளையும் நிறங்கள் இவை. வேண்டிய நிறம் வருவதற்குச் சற்று முன்பே எடுத்துவிட வேண்டும். ஏனெனில் வெளியே எடுத்த பின்னும் சில நொடிகள் நிறம் மாறிக் கொண்டிருக்கும்.

மூன்றாவது வழி, கண்ணாடியில் தீட்டும் ஒளிபுகு வண்ணத்தைத் தூரிகையால் பூசுவது. உலோகத்தின் ஒளி வண்ணத்தினூடே தெரிவதால், மயிலின் நீலமும் கிளியின் பச்சையும் மின்னும். கெட்டியான எண்ணெய் வண்ணத்தைப் பூசினால் தகடு இருப்பதே தெரியாமல் போகும்.

செம்பின்மேல் பச்சை நிறம் ஏற்றலாமே என்று சிலர் கேட்பதுண்டு. அமெரிக்காவின் நியூயார்க் துறைமுகத்தில் 1886இல் திறந்து வைக்கப்பெற்ற சுதந்திர தேவி சிலையும் தகட்டு வேலைதான். 2.4 மில்லிமீட்டர் கனமுள்ள செப்புத் தகடுகளைத் தட்டி உருவாக்கியது அது. தொடக்கத்தில் செம்பின் நிறத்திலேயே இருந்த சிலை, காற்றும் மழையும் பட்டு ஆண்டுகள் பல கடந்த பின்னரே இன்றுள்ள பச்சையைப் பெற்றது. அந்நிறத்தை விரைவில் பெற அம்மோனியா ஆவியைப் பயன்படுத்துவோர் உண்டு. அம்மோனியாவின் நெடி எத்தகையது என்பதை, பாலைக் கெட்டியாகாமல் காக்க அதைச் சேர்க்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் அது வேண்டாம். பச்சை வண்ணத்தைத் தொட்டுத் துடைத்தாலே அத்தோற்றம் வந்துவிடும்.

வண்ணம் முடிந்தபின் தகட்டைக் கவிழ்த்து, பின்புறக் குழிகளை நிரப்ப வேண்டும். இல்லையேல் ஒரு விரல் பட்டாலும் உருவம் அமுங்கிவிடும். நம் ஆசாரிமார் குங்கிலியம், செங்கல் தூள், எண்ணெய் சேர்த்த அரக்கைப் பயன்படுத்துவர். நமக்கு உருக்கிய மெழுகு போதும். மரத்தூளும் பசையும் கலந்த கலவையும் ஆகும். சூட்டு வண்ணம் ஏற்றுவதானால் மெழுகு நிரப்புமுன் ஏற்றிவிட வேண்டும். பின்னர் சூடேற்றினால் மெழுகு உருகித் தீப்பற்றும். இறுதியாக, முகப்பில் நிறமற்ற வார்னிஷ் பூசி, பலகையில் பொருத்திச் சட்டமிட்டால் வேலை முடிந்தது.

கவனிக்க வேண்டியவை

சில எச்சரிக்கைகளை வலியுறுத்திக் கூற வேண்டியது எமது கடமை. தகட்டைத் தூய்மை செய்ய எளிதாயிற்றே என்று, பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலத்தைத் தோட்டத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். தோலையும் கண்ணையும் எரிக்கும் அந்த அமிலத்தைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைத்தால், குழந்தை அதைத் தண்ணீரென்று எடுத்துக் குடிக்க வேறென்ன வேண்டும்? ஒரு தகட்டின் பளபளப்புக்கு ஒரு பிள்ளையின் தொண்டை விலையாகலாகாது. புளி போதும்.

மெழுகை நேரே நெருப்பில் உருக்காதீர்கள். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் சிறு டப்பாவை வைத்து உருக்குங்கள். வார்னிஷையும் ஒளிபுகு வண்ணத்தையும் திண்ணையிலோ வாசலிலோ வைத்துப் பூசுங்கள். அருகில் அடுப்பு எரியலாகாது. காரீயத்தை உருக்கி அச்சு செய்யும் வேலையை வீட்டில் செய்யவே கூடாது. செப்புத் தகட்டு வேலையுள்ள தட்டில் உணவோ பிரசாதமோ வைக்காதீர்கள். புளிப்புப் பட்டால் களிம்பு நஞ்சாகும்.

விலை சொல்லத் தெரிய வேண்டும்

இனி, இன்றைய உரையில் நாம் முதன்மையாகக் கருதும் பகுதிக்கு வருகிறோம்.

நாம் இப்பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், ஒரு தோட்டத்தில் ஒரு பால்வெட்டுத் தாயாரைக் கண்டோம். விளக்குக்குப் பின்னால் நிறுத்தும் செப்புத் தகடுகளை மிக நேர்த்தியாகச் செய்வார். வீட்டுக்கே வந்து வாங்கிச் சென்ற ஒரு வணிகரிடம், ஒன்றுக்குப் பதினைந்து ரிங்கிட் பெற்று வந்தார். தீபாவளிக்குத் துணி வாங்கப் பட்டணம் சென்றபோது, தம் கையால் செய்த அதே தகடு ஒரு கடையில் அறுபது ரிங்கிட் விலைச்சீட்டோடு தொங்குவதைக் கண்டார். அன்று வீடு திரும்பியவர் கருவிகளைக் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டார். அவரிடம் கற்க ஆவலோடிருந்த அண்டை வீட்டுப் பெண் பிள்ளைகள் இருவரும் கற்காமலே போயினர். “ஏமாந்தது பணத்தை அல்ல ஐயா, இத்தனை நாள் ராத்தூக்கத்தை” என்று அவர் எம்மிடம் சொன்னது இன்னும் நெஞ்சில் நிற்கிறது.

வணிகரைக் குறை கூறிப் பயனில்லை. கடை வாடகை, வண்டிச் செலவு, விற்காமல் தங்கும் சரக்கு என அவருக்கும் செலவுகள் உண்டு. அத்தாயாரின் துயரத்துக்கு மூல காரணம், தம் பொருளின் அடக்கவிலை என்னவென்று அவர் ஒருநாளும் கணக்கிட்டுப் பாராததே. ஆகவே ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இவை எடுத்துக்காட்டு எண்களே.

தகட்டுக்கு 9 ரிங்கிட், பலகைக்கும் சட்டத்துக்கும் 7, வண்ணம், வார்னிஷ் முதலியவற்றுக்கு 4. ஆகப் பொருட்செலவு 20 ரிங்கிட். வேலை நேரம் 6 மணி என்று கொள்வோம். 2025ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச மாத ஊதியமான 1,700 ரிங்கிட்டை மணிக்கணக்கில் பகுத்தால் எட்டு ரிங்கிட்டுக்குச் சற்று அதிகம் வரும். நாம் எட்டு என்றே கொண்டால், 6 மணிக்கு 48 ரிங்கிட். ஆக அடக்கவிலை 68 ரிங்கிட். இதை ஒருவர் 35 ரிங்கிட்டுக்குக் கேட்டால், பொருட்செலவு போக உங்களுக்குக் கிடைப்பது 15 ரிங்கிட். மணிக்கு இரண்டரை ரிங்கிட். விற்பதா வேண்டாமா என்பதை இந்தக் கணக்கைப் பார்த்த பின்னர் முடிவு செய்யுங்கள்.

68 ரிங்கிட்டுக்கு யார் வாங்குவார் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு விடை நேரத்தைக் குறைப்பதில் இருக்கிறது. கூலியைக் குறைப்பதில் இல்லை. பழகப் பழக ஆறு மணி வேலை நான்கு மணியில் முடியும். ஒரே படத்தை மரப்பலகையில் செதுக்கி அச்சாக வைத்துக் கொண்டால் இன்னும் குறையும். தஞ்சாவூரில் அச்சு வைத்துத் தட்டுவதன் காரணமும் இதுவே. நான்கைந்து குடும்பங்கள் கூடித் தகட்டைச் சுருளாக வாங்கினால் பொருட்செலவும் இறங்கும். ஒருவர் வரைய, ஒருவர் எழுப்ப, ஒருவர் வண்ணமூட்ட, ஒருவர் கணக்கு எழுதலாம். பட்டணத்துக் கடைக்குப் போகுமுன், திருமணப் பரிசு, கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளிப் பரிசளிப்பு விழா என்று நம் மக்களிடையே உள்ள தேவைகளை நாடுங்கள்.

விற்பதில் நேர்மையும் வேண்டும். அலுமினியத்தை அலுமினியம் என்றே சொல்லி விற்க வேண்டும். வெள்ளி என்று சொல்லி ஒருமுறை விற்றவரிடம் மறுமுறை எவரும் வாங்கார். விற்பனை தொடர் தொழிலாகிவிட்டால், தொடங்கிய 30 நாள்களுக்குள் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிந்து கொள்ள வேண்டும். கைவினைப் பயிற்சியும் சந்தை வாய்ப்பும் நாடுவோர், 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த மலேசியக் கைவினை மேம்பாட்டுக் கழகத்தை அணுகலாம்.

அன்பிற்குரியோரே! இத்தொழில் உங்களைச் செல்வந்தராக்கிவிடும் என்று நாம் கூற வரவில்லை. அவ்வாறு கூறினால் அது பொய்யுரையாகும். மழைக்காலத்தில் பள்ளிச் சீருடைக்கும் மின்கட்டணத்துக்கும் கைகொடுக்கக்கூடும். அதற்கு மேலாக, நாள் முழுதும் பிறர் மரத்தில் உழைத்த கை, மாலையில் தனக்கென்று ஒரு பொருளைச் செய்து சுவரில் மாட்டிப் பார்க்கும் மனநிறைவு உண்டு. அந்நிறைவுக்கும் ஒரு மதிப்புண்டு. ஆனால் அதைக் காரணம் காட்டி விலையைக் குறைத்துவிடாதீர்கள்.

இன்று வீடு திரும்பியதும் ஒரு காலிக் குளிர்பானக் குவளையையும் மை தீர்ந்த பேனாவையும் எடுத்து வையுங்கள். நாளை பிற்பகல் ஒரு மாங்காய் வடிவத்தை எழுப்பிப் பாருங்கள். கிழிந்தால் கவலை வேண்டாம். எமது மயிலும் கிழிந்ததே. கிழியாமல் எழுந்தால், அதை அண்டை வீட்டுப் பிள்ளை ஒருத்திக்கும் கற்றுக் கொடுங்கள். பரண்மேல் போன அந்தத் தாயாரின் கருவிகள் ஏதேனும் ஒரு தோட்டத்தில் மீண்டும் கீழிறங்கட்டும்.